எந்த நாள் ஏழாம் நாள்

வியாழக்கிழமை படுத்து சனிக்கிழமை எழுந்த அன்றைக்குத்தான் தைமானேக்குக் குழப்பம் பிடித்தது. வியாபாரத்துக்கு வசதி என்று அரசாங்கம் சமோவாவைத் தேதி மாறும் சர்வதேச நாள்கோட்டின் மறுபக்கம் தள்ளிவிட்டது. நடுவில் இருந்த வெள்ளிக்கிழமை அவள் வாழும் சவாயித் தீவில் யாருக்கும் கிடைக்கவில்லை. மற்ற சபைக்காரர்கள் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சனிக்கிழமை வேலையை விட்டு ஆராதிக்கும் ஓய்வுநாள் சபைக்காரர்களால் அப்படி முடியவில்லை. ஏழாம் நாளைப் பரிசுத்தமாக வைக்க வேண்டும் என்பது கட்டளை. அந்த ஏழாம் நாள் இப்போது எது?

"பேரைத்தான் மாத்தியிருக்காங்க, எண்ணிக்கையை இல்ல," என்றார் போதகர் சபைக் கூட்டத்தில். "வியாழனுக்கு அடுத்து ரெண்டாவது நாள் ஓய்வுநாள். அதுக்கு இப்ப ஞாயிறுன்னு பேரு. அவ்வளவுதான்."

தைமானேயின் கணவன் இயோவேலு சபை மூப்பன். அவன் போதகர் பக்கம். அவள் தம்பி செமிசி கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டான்.

"சனிக்கிழமைக்காக நம்ம அப்பா எத்தனை பேச்சு வாங்கினார்! இப்ப ஞாயித்துக்கிழமை வெள்ளை உடுத்திக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்க்கா," என்றவன், நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு சீமைப்பலா மரத்தடியில் சனிக்கிழமைதோறும் கூட ஆரம்பித்தான்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. முதல் ஞாயிறு அன்றே பக்கத்து வீட்டு அகெனேசே வேலியோரம் நின்றாள். "என்ன தைமானே, கடைசில எங்க நாளுக்கே வந்துட்டீங்களா? இத்தனை வருஷம் வீம்பு பிடிச்சது எதுக்கு?"

தைமானே ஆராதனைக்கு நடந்தாள். போதகர் பேசும்போது அவர் சொல்வது சரியாக இருந்தது. தம்பி பேசும்போது அவன் சொல்வதும் சரியாக இருந்தது. எதற்கு வம்பு என்று இரண்டு நாளையும் ஓய்வுநாளாக வைத்துக்கொண்டாள். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது; வெள்ளிக்கிழமை கல்லடுப்பில் வெந்த சேம்பு ஞாயிறு மதியம் விறைத்துப்போய்த் தட்டில் கிடந்தது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள்.

இயோவேலு சில வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஆறு நாள் வேலை செய்யணும்கிறதும் அதே கட்டளைலதான் இருக்கு. நீ அஞ்சு நாள்தானே செய்யறே?"

ஒரு நாளை வைத்தாலும் தப்பு, இரண்டையும் வைத்தாலும் தப்பு என்றால் மனுஷி என்னதான் செய்வது?

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையோடு பெருங்காற்று வந்து செமிசி வீட்டுக் கூரைத் தகரத்தில் பாதியைப் பிடுங்கிப் போட்டது. அவன் மனைவி பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்ததும் இயோவேலு சுத்தியலோடு போய் நின்றான். தைமானேயும் கூடப் போனாள்.

"இன்னிக்கு வேணாம் மச்சான்," என்றான் செமிசி. "என் வீட்டுல இன்னிக்கு ஓய்வுநாள்."

"கிணத்துல மாடு விழுந்தா தூக்கலாம்னு இயேசுவே சொல்லலையாடா?"

"அப்ப நாளைக்கு வந்து தூக்குங்க. வருவீங்களா?"

நாளைக்கு இயோவேலுவுக்கு ஓய்வுநாள். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, செமிசியின் மனைவி குழந்தையை மடியில் மூடிக்கொண்டு நனைந்த பாயில் உட்கார்ந்திருந்தாள். தைமானே இருவரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

மறுநாள் இயோவேலு ஆராதனைக்குப் போனான். குழந்தையைச் சாக்காகச் சொல்லி அவள் வீட்டில் இருந்தாள். மழை மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் செமிசி ஒற்றை ஆளாகத் தகரத்தோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் ஏணியில் ஏறிவிட்டாள்.

ஆராதனை முடிந்து சபையார் அந்த வழியாகத்தான் வந்தார்கள். மூப்பன் மனைவி கூரைமேல் தகரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறாள், தம்பி ஆணி அடிக்கிறான். சிலர் நின்று பார்த்தார்கள். சிலர் குடையைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். இயோவேலு வெள்ளைச் சட்டையோடு முற்றத்துக்குள் வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மூப்பரே, இன்னிக்கு ஓய்வுநாளாச்சே?" என்றான் செமிசி மேலிருந்து.

"நான் வேலை செய்யலடா. என் பொண்டாட்டி விழாம பிடிச்சிக்கிறேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் தைமானே கேட்டாள்: "நான் இன்னிக்குச் செஞ்சது பாவமா, இல்லையா?"

எதற்கும் வசனம் வைத்திருக்கிறவன் அவன். "எனக்குத் தெரியல தைமானே," என்றான்.

செமிசி மரத்தடிச் சபையை விடவில்லை. இயோவேலுவும் மாறவில்லை. தைமானே ஞாயிறு கணவனோடு ஆராதனைக்குப் போகிறாள். சனிக்கிழமை அடுப்பு மூட்டுகிறாள், ஆனால் விறகை வைக்கும் முன் ஒரு கணம் நிற்பாள். "ஆண்டவரே, இது உங்க நாளா இருந்தா மன்னிச்சிடுங்க," என்பாள். மரத்தடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டால் தேங்காய் துருவிக்கொண்டே கூடப் பாடுவாள்.