தண்ணீராய்ப் போன ஷாம்பு

என் தங்கைக்கு சலூனில் தலை அலசிவிடும் வேலை. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி, விரலெல்லாம் வெடித்து, சட்டைப் பட்டன் போடக்கூட என்னிடம்தான் வந்து நிற்பாள். கிளவுஸ் போட்டால் வாடிக்கையாளர்களுக்குப் பிடிப்பதில்லை. "இந்த மாசத்துக்குள்ள கை ஆறலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுப் பின்னறையில் ஷாம்பு கலக்கி விற்கிறவள் நான். சொந்தத் தங்கைக்கே கை வெந்தால் நான் எதற்கு? காரமான நுரைச் சரக்கை ஓரங்கட்டிவிட்டு, சர்க்கரையிலிருந்தும் தேங்காய் எண்ணெயிலிருந்தும் எடுக்கிற சாதுவான சரக்கை வாங்கினேன். குளுக்கோசைடு என்பார்கள். அழுக்கை எடுக்கும், தோலைச் சீண்டாது, கண்ணில் பட்டாலும் எரியாது.

ஆனால் கலக்கினால் தண்ணீராக ஓடியது. வழக்கமான ஷாம்பு உப்புப் போட்டால் கெட்டியாகிவிடும். இது உப்பைக் கொட்டினாலும் அசையவில்லை. பிடிவாதத்தில் என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தது போலிருக்கிறது.

"என்ன இது, பாட்டில் கழுவின தண்ணியா? நுரையே இல்லையே!" என்று, சலூனுக்குக் கொண்டுபோனதை முதலாளியம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி பம்ப் பாட்டிலோடு வந்து நின்றார். மலிவாகக் கிடைத்ததாம். எங்கள் பழைய ஷாம்புவை ஊற்றி அழுத்தினால் அடைத்துக்கொண்டது.

"உங்க தலையில நல்லா கட்டிட்டான்! கண்ண மூடிட்டா வாங்கினீங்க?"

"கத்தாத. உன் தண்ணி இருக்கே, அத ஊத்திப் பாப்போம்."

ஊற்றி அழுத்தினார். புசுபுசுவென்று நுரை வந்தது! காற்றைக் கலந்து நுரையாகவே தள்ளுகிற பம்ப் அது. கெட்டிச் சரக்குதான் அதற்கு ஆகாது.

"பாத்தியா, நான் சும்மா வாங்குவேனா?"

"போதும் போதும், பீத்திக்காதீங்க."

முதலாளியம்மா நுரையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "இத முதல்லயே குடுத்திருக்கலாமே!" என்றாள். அதே தண்ணீர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை என் காலை மிதித்தாள்.

மாதக் கடைசியில், வேலை நிலைத்த சந்தோஷத்தில், தங்கை வீட்டில் எனக்குத் தலை அலசிவிட்டாள். முன்பெல்லாம் அவள் விரல் வெடிப்பில் முடி மாட்டி இழுக்கும். இப்போது விரல் பட்டதே தெரியவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா, அழறியா?"

"அழவெல்லாம் இல்லடி. ஷாம்பு கண்ணுல போயி எரியுது."

வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "கண்ணு எரியாதுன்னு நீதானே பாட்டில்ல ஒட்டி வெச்சிருக்க?"