காப்பிக்கு வைத்த பால்

விளம்பரப் பலகையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அப்பா, அம்மா, தோளில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு நாய். நால்வருக்கும் ஒரே மாதிரிப் பற்கள். 'துடிப்பான நகர வாழ்வின் மையத்தில், உங்கள் குடும்பத்துக்கென்றே புத்தம்புதிய டவுன்ஹவுஸ்' என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற சாலையோரத்தில் அதை நட்டிருந்தார்கள். துடிப்பைப் பொறுத்தவரை விளம்பரத்தில் பொய்யே கிடையாது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பலகை துடித்தது, நாய் உட்பட.

பலகைக்குப் பின்னால், நகரப் பேருந்தில் நெருக்கிக்கொண்டு நிற்பவர்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நின்றன. பாதிக்கு மேல் கதவு வைக்கவில்லை. முழுதாக முடிந்தது கிழக்குப் பார்த்த மூலை வீடு ஒன்றுதான். அதற்கு மாடல் ஹவுஸ் என்று பெயர். அந்த வீட்டின் மாடல் குடும்பத் தலைவன் வனமாமலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் பதவி. காலையிலேயே வந்து, கம்பெனி கொடுத்த வெள்ளை பனியனை மாட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். திறப்பு விழா அன்று வாங்கிப் போட்ட பேப்பர் அது. அதில் உருவாகிக்கொண்டிருந்த புயல் எப்போதோ கரையைக் கடந்து, நிவாரணமும் கொடுத்து முடித்திருந்தார்கள். அடுப்படியில் அவன் மனைவி வேல்விழி நிற்பாள். வீடு வாங்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் போட வேண்டும். சாம்பாரோ ரசமோ கிடையாது. வெறும் தாளிப்பு. அந்த வாசனைதான் பாதி வீட்டை விற்கிறது என்பது ஜீவானந்தத்தின் கண்டுபிடிப்பு.

ஜீவானந்தத்தின் விசிட்டிங் கார்டில் 'லைஃப்ஸ்டைல் கன்சல்டன்ட்' என்று இருக்கும். அதற்கு முன்னால் அவர் ஏரிக்குள் கொடி நட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார்.

வனமாமலைக்கு நாங்குநேரிப் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சேரப்பணஞ்சேரியில் ஒரு ரூமில் கட்டில் வாடகைக்கு எடுத்திருந்தான். அவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் நைட் ஷிப்ட்காரன் வந்து அதே கட்டிலில் படுப்பான். வேல்விழிக்குச் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை, கம்பெனி விடுதியில் ஜாகை. விடுதி வாசலில் புருஷனும் ஆண் விருந்தாளிதான், கேட்டோடு நிற்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் தூங்கியது பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போனபோதுதான்.

வீடு தேடாமல் இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று பலகை தொங்கத்தான் செய்தது. ஆனால் ஃபேமிலி என்றால் என்ன என்பதில் அந்த வட்டாரத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது.

"ரெண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றான்.

"அப்ப நீங்க ஃபேமிலி இல்லபா. ரெண்டு பேச்சிலரு."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சந்தித்துக்கொண்டார்கள். புளியோதரையைப் பங்கு போட்டுத் தின்றபடி ஓரமாக உட்கார்ந்திருந்த அவர்களை அங்கேதான் ஜீவானந்தம் பிடித்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் சூப்பர் ஃபேமிலி லுக் இருக்கு" என்றார். அந்த ஊரில் அவர்களைக் குடும்பம் என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான். வனமாமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடல் ஹவுஸில் எல்லாமே லுக்தான். ஃபிரிட்ஜுக்குள் வெறும் காற்று. டிவி அட்டை. காப்பிக் கோப்பைகளை எவனும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கத் தட்டோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். குழாயைத் திருகினால் பெருமூச்சு வரும். மொட்டைமாடிக் கொடியில் இரண்டு குழந்தைச் சட்டைகள் காய வேண்டும் என்பது ஜீவானந்தத்தின் ஏற்பாடு, துடிப்பான சூழலாம். சாயங்காலம் அவற்றை எடுத்து மடித்து வைப்பது வேல்விழியின் வேலை. இரண்டே சட்டை. ஆனால் வாரம் போகப் போக அவள் மாடியிலிருந்து இறங்கி வர நேரமாகிக்கொண்டிருந்தது. வனமாமலை கீழே நின்று கூப்பிட மாட்டான்.

சித்திரையில் அவள் சொல்லிவிட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"வைகாசி முடியுத வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு வீடு அமையலேன்னா நான் ஊருக்குப் போயிருதேன். இந்த வெளாட்டு எனக்கு முடியல."

"என்ன வெளாட்டு?"

"வீட்டு வெளாட்டு. சின்னப்பிள்ளையில சொப்பு வச்சு வெளாடுனோம்லா, அப்பங்கூட மண்ணையாவது சோறுன்னு தின்னோம். இங்க அதுவும் இல்ல."

அவன் ஜீவானந்தத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். ஜீவானந்தம் பெரிய மனசுக்காரர். "ஒண்ணு பண்ணலாம். அதுக்குள்ள ஒரு புக்கிங் வரட்டும். எம்.டி.கிட்ட பேசி உங்க ரெண்டு பேரையும் மாடல் ஹவுஸ்லயே கேர்டேக்கரா தங்க வெச்சிடறேன். மாடல் ஹவுஸ் இருக்கிற வரைக்கும் நீங்க இருக்கலாம்" என்றார். அதை அப்படியே வேல்விழியிடம் சொன்னான் வனமாமலை. 'ஒரு புக்கிங் வரட்டும்' என்ற இடத்தில் மட்டும் அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கக்கூடும்.

வைகாசியின் கடைசி ஞாயிறு. அவன் வந்து சேர்ந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. வேல்விழி முந்திவிட்டாள். கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். அடுப்பு கிழக்குப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டு, அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக மூன்று பொட்டு. மேலே ஒரு புது எவர்சில்வர் பாத்திரம். அவன் 'என்னட்டி இது' என்று வாயைத் திறப்பதற்குள் பால் நுரைத்து ஏறி, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"பொங்கிட்டு. பாத்தியளா, கெழக்க பாத்துப் பொங்குது" என்றாள் அவள்.

"சார்கிட்ட கேட்டியா?"

"எதுக்கு? அவருதான் தங்கலாம்னு சொல்லிட்டாருல்லா. இன்னைக்கு விட்டா ஆனி, ஆடி. எவ பால் காய்ச்சுவா?"

புக்கிங் வந்தால்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். பாத்திரத்தை முந்தானையால் பிடித்துக்கொண்டு நின்ற அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல வேறு ஆள்தான் வர வேண்டும். கோப்பைகள் தட்டை விட்டு வராததால் இருவரும் பாத்திரத்திலேயே மாற்றி மாற்றிக் குடித்தார்கள். சீனி போட மறந்திருந்தாள். அவன் இனிப்பாக இருக்கிறது என்றான்.

பத்து மணி வாக்கில் ஜீவானந்தம் பார்ட்டியோடு வந்தார். மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்கு என்ன, பால் வாசனையா? கடுகை விட கிளாஸா இருக்கு" என்று வனமாமலையின் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

பார்ட்டி என்பது கனகம் என்கிற அம்மாளும் அவள் மகன் எழிலரசனும். பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. எழிலரசன் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். காலில் பளபளக்கும் ஷூவோடு, ஜீவானந்தம் சொல்வதற்கெல்லாம் "நைஸ், நைஸ்" என்றான். அம்மாள் எதற்கும் நைஸ் சொல்லவில்லை.

"டவுன்ஹவுஸ் கான்செப்ட் ஃபாரின்ல ரொம்ப ஃபேமஸ்மா" என்று தொடங்கினார் ஜீவானந்தம்.

"வூடு கீது. டவுனு எங்கபா கீது?"

"வந்துகிட்டே இருக்கும்மா. இது சிட்டியோட ஹார்ட்."

"ஹார்ட்டுன்ற. எதுத்தாப்புல நாய் படுத்துகினு கீது, அது எழுந்து ஒதுங்கக்கூட ஒரு கடை கெடையாது." சுவரைத் தட்டிப் பார்த்தாள். "பக்கத்து வூட்டுக்காரன் தும்முனா நம்ம வூட்டு சாமி படம் வுழும் போல கீதே. எங்க நெலத்த ஏக்கரு கணக்குல குடுத்துட்டு இப்ப அடி கணக்குல வாங்க வந்துகிறோம். நல்லா கீதுடா எழிலு உன் கணக்கு."

"ம்மா, கம்முனு வா" என்றான் மகன்.

வனமாமலை பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, சொல்லிக்கொடுத்தபடி, "இங்க வந்தப்புறம்தான் எங்களுக்கு நிம்மதி" என்றான். அன்றைக்கு மட்டும் அதைச் சொல்லும்போது குரலில் உண்மை வந்து, வசனம் கெட்டுப்போனது போலிருந்தது.

கனகம்மாள் அடுப்படிக்குள் போனாள். பிறகு அவள் குரல் வந்தது.

"இந்த வூட்ல பால் காச்சிட்டாங்களா?"

ஜீவானந்தத்துக்குப் பால் என்றால் பால்தான். "எஸ்மா, எல்லாமே ஒர்க்கிங் கண்டிஷன். லைவ் கிச்சன்" என்றார் பெருமையோடு.

"அப்ப இது இவுங்க வூடு. இன்னொருத்தி பால் காச்சின வூட்ட புது வூடுன்னு சொல்லி எங்க தலைல கட்டப் பாக்குறியா? எழிலு, வா போலாம். இந்த மூலை வூடுதான் நல்லா கீதுன்னு நெனச்சிகினு வந்தேன்."

ஜீவானந்தத்தின் முகத்திலிருந்து லைஃப்ஸ்டைல் வடிந்தது. "இல்லம்மா, இவங்க ஓனர் கிடையாது. சும்மா செட்டப்பு. சார், சொல்லுங்க சார்."

வனமாமலை எழுந்து அடுப்படி வாசலில் நின்றான். வேல்விழி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்த அம்மாள் இப்போது படி இறங்கினால் புக்கிங் இல்லை. புக்கிங் இல்லையென்றால் வீடு இல்லை. வைகாசியோ இன்னும் சில நாளில் முடிந்துவிடும். அவனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"அது காப்பிக்கு வச்ச பாலும்மா" என்றான்.

"காப்பிக்கு வெச்சா அடுப்புக்கு எதுக்குபா பொட்டு?"

"அதுவும் செட்டப்புதான். பாக்க மங்களமா இருக்கும்னு சாரு வைக்கச் சொன்னாரு."

கனகம்மாள் அவனை விட்டுவிட்டு வேல்விழியின் பட்டுச்சேலையைப் பார்த்தாள். "நெசத்த சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் புருசன் பொஞ்சாதியா? ஆமான்னா, பொங்குனது பொங்குனதுதான். இல்லன்னா கணக்குல வராது."

அம்மாள் பதிலுக்கு அவன் பக்கம் திரும்பினாள். வேல்விழி கழுத்தில் வெளியே கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். அவனுக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றான் வனமாமலை. "ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் வாரோம். அவிய விடுதியில இருக்காவ, நான் ரூம்ல இருக்கேன். வேணும்னா விசாரிச்சுக்கிடுங்க."

சொன்னதில் கடைசிப் பாதி அத்தனையும் உண்மை. அதனால்தான் அம்மாள் நம்பினாள்.

"அப்ப சரி. நடிப்புக்கு ஊத்துன பாலு தோசம் கெடையாது" என்றாள். எழிலரசன் "நைஸ்" என்றான்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, பார்ட்டியைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு ஜீவானந்தம் திரும்பி வந்து வனமாமலையின் கையைக் குலுக்கினார். "சார், நீங்க ஃபேக்டரில இருக்க வேண்டிய ஆளே இல்ல. என்ன ஒரு பெர்ஃபார்மன்ஸ்."

"புக்கிங் ஆயிட்டுல்லா சார். அப்ப நாங்க இன்னைக்கே தங்கிக்கிடலாமா? துணிமணி எடுத்துட்டு வந்திருதோம்."

"எங்க சார் தங்குவீங்க? அவங்க புக் பண்ணதே இந்த மூலை வீட்டைத்தானே. மாடல் ஹவுஸே சேல் ஆயிடுச்சு. இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னேன்."

"வேற வீட்டுலயாவது."

"கதவில்லாத வீட்ல ஃபேமிலி எப்படி சார் இருக்கும்?" ஜீவானந்தத்துக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆறுதலாக ஒன்று சொன்னார். "அடுத்த ஃபேஸ் வீடுங்களுக்கு மாடல் ஹவுஸே கிடையாதாம். கண்ணுல மாட்டிக்கிற கண்ணாடி ஒண்ணு வருது. அதைப் போட்டா வீடு, ஃபேமிலி, குழந்தை எல்லாம் உள்ளயே தெரியும். கடுகுகூட வேணாம்." படியிறங்கப் போனவர் நின்றார். "மேடம், போறதுக்கு முன்னாடி அந்தப் பொட்டை மட்டும் சுத்தமா துடைச்சிடுங்க. அவங்க ஃபர்ஸ்ட் பால் காய்ச்சணும்ல."

குழாயில் தண்ணீர் வராததால் வேல்விழி தன் பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை ஊற்றித் துடைத்தாள். குங்குமம் உடனே வந்துவிட்டது. மஞ்சள் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். அவன் நான் துடைக்கிறேன் என்று கையை நீட்டினான். அவள் இடம் விடவில்லை. பிறகு மாடிக்குப் போனாள். அன்றைக்கு உடனே இறங்கி வந்துவிட்டாள். இரண்டு குழந்தைச் சட்டைகளையும் மடிக்காமல் சோபாவில் போட்டாள்.

சாலையில் பலகையடியில் நின்றார்கள். சுங்குவார்சத்திரம் போகிற ஷேர் ஆட்டோ வந்து நின்று, ஹார்ன் அடித்து, போய்விட்டது. அவள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம், ஊருக்கு வண்டி பிடிக்கத் தாம்பரம் போகிற பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுதியில சாமான் எல்லாம் கெடக்கே" என்றான் அவன்.

"கூட இருக்க மெர்சிகிட்ட சொல்லியிருக்கேன். பார்சல் போட்டுருவா."

எப்போது சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை. "ஏட்டி, வீட்டுக்காகத்தானே சொன்னேன்."

"தெரியும். நானுந்தானே கயித்த உள்ள போட்டேன்." அவள் அழவில்லை. "நீங்க சொன்னதுல ஒண்ணும் பொய் இல்லியே. ஞாயித்துக்கெழமைக்கு மட்டுந்தானே."

பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி, கைப்பையைத் திறந்து, அந்தப் புது எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அடியில் பால் பிடித்திருந்தது.

"இத ரூமுக்குக் கொண்டு போங்க" என்றாள். "காப்பி வைக்க ஆவும்."