கதவைச் சாத்துங்க அத்தை

"உங்க சாரு கலர் அடிச்ச மேப்பு ஸ்டேஷன் செவுத்துல தொங்கினு கீது. போய்ப் பாத்துட்டு வா."

ஜெபசிங் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் நின்றான். மீன் அலசிக்கொண்டிருந்த மார்கரெட் மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். போலீஸ் சான்று வாங்கப் போனவன் வெறுங்கையோடு வந்திருக்கிறான். அணுபுரம் குடியிருப்பில் ஒப்பந்த டிரைவர் வேலை. ஆள் எடுத்தாயிற்று, சீருடைக்கு அளவும் கொடுத்தாயிற்று. அந்தச் சான்று ஒன்றுதான் பாக்கி.

"மேப்புக்கும் உன் வேலைக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?" என்றாள் ஜெனிட்டா.

"காலனி மொத்தமும் செவப்பு. ஊர்த்தெரு பச்சப் பசேல்னு கீது. செவப்பு ஏரியாப் பசங்களுக்கு மேல கேட்டுத்தான் தரணுமாம். ரெண்டு மூணு மாசம் ஆவும்ன்றாரு ஏட்டு. அதுவரிக்கும் அந்த வேல நமக்காகக் காத்துகினு இருக்குமா? யாரு சார் செவப்பு அடிச்சதுன்னு கேட்டேன். 'உன் தங்கச்சிதாம்பா வூடு வூடா கேட்டுகினு போச்சு'ன்னு சிரிக்கிறாரு."

ஜெனிட்டாவின் முகத்தில் ஈயாடவில்லை.

கேட்டது உண்மை. பல்கலைக்கழகமும் போலீசும் சேர்ந்து நடத்தும் குற்றத் தடுப்பு ஆய்வில் அவள் களப்பணியாளர். எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், எங்கே பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள் என்றெல்லாம் போலீசுக்கு எடுத்துச் சொல்லப் போகிறோம் என்று பேராசிரியர் நரசிம்மன் வகுப்பெடுத்தார். அவளும் நம்பினாள். காலனியில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். நம்ம பொண்ணு வந்திருக்கிறது என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

கேள்விகளில் ஒன்று, 'உங்கள் வீட்டில் யாரையாவது போலீஸ் விசாரித்திருக்கிறதா?' என்பது. எதிர்வீட்டுச் சகுந்தலா அந்த இடத்தில் தயங்கினாள்.

"பயப்படாம சொல்லு அத்த. நான்தான கேக்குறேன்?"

சகுந்தலா சொல்லிவிட்டாள். எல்லா வீட்டிலும் சொன்னார்கள். சொல்வதற்கு எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. ஊரில் ஆடு காணவில்லையா, கோயிலில் குத்துவிளக்கு காணவில்லையா, ஜீப் நேரே காலனிக்குத்தான் வரும். கிடைத்த பையன்களை ஏற்றிக்கொண்டு போய் நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டுப் பொழுது சாய அனுப்பும். அப்பன் காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். போன வருஷம் ஊர்த்தெரு தீனதயாளன் கழனி மோட்டார் காணாமல் போனபோது ஜெபசிங்கும் அப்படிப் போய் உட்கார்ந்து வந்தவன்தான். மோட்டாரைத் திருப்போரூர் பழைய இரும்புக் கடையில் போட்டது தீனதயாளனின் சொந்த மகன் என்பது பிறகு தெரிந்தது. அதை வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். அவனை எந்தப் போலீஸ் விசாரித்தது?

ஆகவே ஊர்த்தெருவுக்குப் போன இன்னொரு களப்பணியாளர், அந்தத் தெருப் பெண் கீர்த்தனாவுக்கு வீட்டுக்கு வீடு 'இல்லை' என்றே பதில் கிடைத்தது. ஜெனிட்டாவுக்கு வீட்டுக்கு வீடு 'ஆமாம்'. அந்த 'ஆமாம்'களை எண்ணித்தான் காலனிக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். இரண்டு தெருக்களும் உண்மையைத்தான் சொன்னன. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

மறுநாள் பேராசிரியர் அறையில் அவளுக்கு டீ வந்தது. அவள் தொடவில்லை.

"இது உன் தெருவைப் பத்தின தீர்ப்பு இல்லம்மா. வெறும் டேட்டா. உணர்ச்சிவசப்படாதே."

"தீனதயாளன் வூட்டு மோட்டாரு கதைய அப்பவே சொன்னேனே சார்?"

"சொன்னே. அது ஆய்வோட எல்லைக்குள்ள வராது. கேஸ் ஆகலையே?"

"ஊர்த்தெருவுக்கு என்னை ஏன் சார் அனுப்பல?"

"அவங்கவங்க தெருவுக்கு அவங்கவங்க போனாத்தானே மனசு விட்டுப் பேசுவாங்க? உன்னை அங்கே கேட்டுக்கு வெளியிலேயே நிக்க வெச்சுட்டா? உன் நல்லதுக்குத்தான்."

ஆய்வு தொடங்கிய அன்று அவர் இதையே சொல்லக் கேட்டபோது நல்ல மனுஷர் என்று அவள் நெகிழ்ந்துபோயிருந்தாள். இன்று உடம்பு கூசியது. ஊர்க்காரர்கள் தெருவைப் பிரித்தார்கள் என்றால், படித்தவர் அந்தப் பிரிவினையை மடிப்புக் கலையாமல் எடுத்து ஆய்வுக்குள் வைத்துவிட்டார். அதற்குள் அவளையும் ஆளாக்கி அனுப்பியிருக்கிறார்.

"அறிக்கையில உன் பேருக்கு நன்றி போட்டிருக்கோம், பாத்தியா?" என்றார் நரசிம்மன், குழந்தைக்கு மிட்டாய் நீட்டுகிறவர் மாதிரி. "ரெண்டாவது சுற்று ஆரம்பிக்குது. உங்க ஏரியாவை உன்னைத் தவிர யாராலும் செய்ய முடியாது. உன்னை நம்பித்தானே பேசுறாங்க?"

"ஆமா சார். என்னை நம்பித்தான் பேசுனாங்க," என்றாள் ஜெனிட்டா. கேள்விகள் ஏற்றிய டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

காலனிக்குள் அவள் நுழைந்தபோது வழக்கமாக 'இன்னாம்மே' என்று கூப்பிடும் வாய்கள் மூடியிருந்தன. ஜெபசிங்கின் சேதி அதற்குள் பரவியிருந்தது. சகுந்தலா துணி உலர்த்துகிற சாக்கில் முதுகைக் காட்டினாள்.

"அத்த, மறுபடியும் கேக்கச் சொல்லி அனுப்பிகிறாங்க."

"வெக்கமா இல்ல உனுக்கு?" சகுந்தலா திரும்பினாள். "வூட்டுக்குள்ள கூப்ட்டு உக்கார வெச்சேனேடி! எம் புள்ள பேர என் வாயாலயே வாங்கினியே!"

"வெக்கமாத்தான் அத்த கீது." ஜெனிட்டா டேப்லெட்டைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த தபா எதுவும் சொல்லாத. நான் கேட்டாக்கூட சொல்லாத. உள்ள போய் என் மூஞ்சி மேல கதவச் சாத்து. உன் பையன் பேர நான் எழுத மாட்டேன். கதவச் சாத்திட்டாங்கன்னு மட்டும் எழுதுவேன்."

சகுந்தலா அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஜெனிட்டா 'பதில் அளிக்க மறுப்பு' என்ற இடத்தைத் தொட்டாள். அடுத்த வீட்டு வாசலில் நின்று அதையே சொன்னாள். அங்கே சாத்தும் முன் ஒரு வசவு வந்தது, வாங்கிக்கொண்டாள். தெரு நெடுகக் கதவுகள் பட்டப்பகலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

கடைசியில் சொந்த வீடு. ஜெபசிங் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தரும் பதில் சொல்லலன்னா அதுக்கும் ஒரு கலர் அடிப்பானுங்க, தெரியுமில்ல?"

"அடிக்கட்டும்ண்ணா. இந்த தபா நம்ம வாயிலேர்ந்து எடுத்து அடிக்க முடியாது." அவள் டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தாள். "உங்க வூட்ல யாரையாவது போலீஸ் விசாரிச்சிருக்காங்களா?"

உள்ளேயிருந்து மார்கரெட் எழுந்து வந்தாள். மகனை உள்ளே போகச் சொன்னாள். மகள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.