சரியக்காவுக்குக் குரல் போன வாரம்

தையல் ஆலையில் இரண்டாவது வரிசைக்கு அவள்தான் மேற்பார்வை. காலர் தைப்பவர்கள், கை இணைப்பவர்கள், பொத்தான் வைப்பவர்கள் என்று அத்தனை மிஷின் இரைச்சலுக்கும் மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகியவள். யார் எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் விழும் சொல் 'சரி' என்பதால் அங்கே அவளுக்குப் பெயரே சரியக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்தப் பெயரில் அவளுக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. வயிற்றெரிச்சல் எல்லாம் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான். 'வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாமே' என்று தன்னையே திட்டிக்கொண்டு வருவாள். இறங்குவதற்குள் நாத்தனார் போன் பண்ணி, "அண்ணி, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்பாள். "சரிம்மா, சொல்லு." அந்த அஞ்சு நிமிஷம் பஸ்ஸை விட்டு இறங்கி, மாடி ஏறி, காய் நறுக்கி முடியும்வரை நீளும். பக்கத்து அறையில் அப்பா இருமுவார். அவரை ஆறு மாதம் இவளும் ஆறு மாதம் தம்பியும் வைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. தம்பியின் முறை வரும்போதெல்லாம் அவன் வீட்டில் ஏதாவது ஒன்று நடக்கும். இவளும் சரி என்பாள்.

தொண்டை கட்டியது முதலில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பிறகு ஒரு நாள் குரல் காற்றாகவே வந்தது. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குரல் நாண்ல வீக்கம். ஒரு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் ஆகாது, அது இன்னும் கெடுதல்."

"லீவு..." என்று ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா, பேசறீங்க!"

லீவு கேட்கவும் பேச வேண்டுமே. அதனால் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கே போனாள். இரண்டாம் நாள் மேனேஜர் வந்தார்.

"சரியக்கா, ஞாயித்துக்கிழமை உங்க வரிசை வரணும். அவசர ஆர்டர்."

அவள் வாய் திறந்தது. சட்டென்று டாக்டரம்மா ஞாபகம் வர, மூடிக்கொண்டாள். தலையை ஆட்டியிருக்கலாம்தான். ஆனால் சொல் வராமல் தலை மட்டும் தனியாக ஆட அவளுக்குப் பழக்கமில்லை. பேசாமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார், காதைச் சொறிந்தார்.

"முடியாதா? சரி விடுங்க, மூணாவது வரிசையைக் கேக்கறேன்."

அவ்வளவுதான், போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. அவள் கையில் இருந்த சட்டையைப் பார்த்தபடி நின்றாள். மனசு லேசாகியிருக்க வேண்டும். அதற்குப் பதில், யாரோ தன்னை வரிசையிலிருந்து தள்ளிவிட்டது போல் சுருக்கென்றது. இவ்வளவு சுலபமா? அப்படியானால் இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்?

வீட்டிலும் அதே கதைதான். நாத்தனார் போனைக் கணவர் எடுத்தார். "அவளுக்குப் பேச முடியாது. என்கிட்ட சொல்லு... ம்... ம்... சரி, உன் புருஷன்கிட்டயே கேளு. வெச்சுடறேன்." காய் பாதிகூட நறுக்கி முடியவில்லை. மகள் தன் துணியைத் தானே இஸ்திரி போட்டு, கசங்கலோடு காலேஜுக்குப் போனாள். அந்தக் கசங்கலைப் பார்த்ததும் இவளுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. எத்தனையோ நாள் களைப்பு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது.

வாரக் கடைசியில் குளித்துக்கொண்டிருந்தபோது, "அப்பப்பா, என்ன சூடு!" என்று தன்னை அறியாமல் சொன்னாள். குரல் வந்தது. கரகரப்பாக, ஆனால் முழுசாக. குழாயை மூடினாள். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. திருடியது போல் இருந்தது. இருந்தாலும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் தம்பி வந்தான். கூடத்தில் உட்கார்ந்து கணவரிடம்தான் பேசினான்.

"மாமா, வீட்டுல பெயின்ட் அடிக்கறோம். வாசனை அப்பாவுக்கு ஆகாது. இந்தத் தடவையும் இங்கயே இருக்கட்டுமே. அக்காகிட்ட தனியா கேக்கணுமா என்ன, சரின்னுதான் சொல்லும்."

கணவர் இவளைப் பார்த்தார். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றது.

"முடியாதுடா."

தம்பி திடுக்கிட்டு எழுந்தே விட்டான். மகள் உள்ளிருந்து ஓடி வந்தாள். "அம்மா! குரல் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. காலைலயே வந்துடுச்சு. என்னால முடியலடா. பெயின்ட்டு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போ. முடியலன்னா முடியலதான்."

பெரிய பேச்சாகப் பேசிவிடவில்லை. அதற்கே மூச்சு வாங்கியது. அப்புறம்தான் பக்கத்து அறைக் கதவு திறந்தே இருப்பது அவள் கண்ணில் பட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, உங்களைச் சொல்லலப்பா..."

"கேட்டுச்சு."

"கோவமா?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "வருத்தமா இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ மாத்திரை குடுக்கும்போது தூக்கக் கலக்கத்துல கண்ணை மூடிட்டே குடுக்கறேம்மா. நான்தான் எது எதுன்னு பாத்துப் போட்டுக்கறேன். நேத்து நீ தப்பா எடுத்த ஒண்ணைத் திருப்பி டப்பாலயே போட்டேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா அவள் முதுகில் கை வைத்தார்.

பெயின்ட் காய்ந்ததும் தம்பி வந்து கூட்டிப்போனான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். ஆனாலும் பையை அவனே தூக்கினான். படி இறங்கும்போது அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு நெடுநேரம் உறுத்தியது.

பழக்கம் அப்படியொன்றும் விட்டுப்போகவில்லை. மறுநாளே காலர் தைக்கும் பெண் தன் வேலை ஒன்றைப் பார்த்துக்கொள்ளக் கேட்டதும் 'சரி' என்று வாய் முந்திக்கொண்டது. பஸ்ஸில் தன்னைத் திட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குப் போன் பண்ணினாள். சாப்பிட்டாராம், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாராம். "குரல் நல்லா இருக்கே" என்றார். "ம்" என்றாள். வைத்துவிட்டு, காலியான அந்தக் கட்டிலில் சும்மா சாய்ந்தாள்.

விழித்தபோது ஜன்னலில் மங்கலான வெளிச்சம். காலையா, சாயங்காலமா என்று தெரியவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்காமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.