தின்னாமல் இருக்கக் கூலி

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்பார்கள். மூக்கனுக்கு எட்டு வருஷமாகக் கரும்பைத் தின்னாமல் இருப்பதற்குத்தான் கூலி.

விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளை மோந்து பார்ப்பது அவன் வேலை. வெளியூர்ப் பழம் எதுவும் பூச்சியோடும் புழுவோடும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. ஏழு சட்டைக்கு நடுவில் ஒற்றை மாம்பழத்தைச் சுருட்டி வைத்திருந்தாலும் மூக்கன் அந்தப் பெட்டி முன்னால் போய் அசையாமல் உட்கார்ந்துவிடுவான். குரைக்க மாட்டான், பாய மாட்டான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் அம்மாளை அண்ணாந்து பார்ப்பான். அவள் "சபாஷ்" என்று சொல்லி, இடுப்பில் கட்டிய சின்னப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுப்பாள். பழம் குப்பைக்குப் போகும், பிஸ்கட் வயிற்றுக்குப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான பழங்களைப் பிடித்துக் கொடுத்தவன், ஒன்றின் ருசிகூடத் தெரியாமல் ஓய்வு பெற்றான்.

அந்த அம்மாளுக்கு வீட்டில் அதிகாரி என்று பெயர். பேருந்து ஓட்டும் அவள் கணவர் கேலிக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? சமையலறையில் உப்பு டப்பா இடம் மாறினாலும் விசாரணை நடத்துகிறவள் அவள்.

மூக்கனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. படுக்கப் புதுப் போர்வை, தண்ணீருக்குப் புதுக் கிண்ணம், ஜன்னலோரம் தனி இடம். ஆனால் அவன் இன்னும் முழுசாக அவளுடையவன் ஆகவில்லை. அவன் வேலை பார்த்த துறையின் விதிப்படி எட்டு வாரம் சோதனைக் காலம். அதன் முடிவில் துறையின் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினாறு கிலோ இருக்கான்மா. வாங்கித் தின்ன பிஸ்கட் பூரா உடம்புல நிக்குது. பின்னங்கால் மூட்டு தாங்காது," என்றார் மருத்துவர். "எட்டு வாரத்துல பதினாலரைக்கு வரணும். வரலைன்னா காப்பகத்துக்கு அனுப்பிடுவேன். அங்க அளந்துதான் போடுவாங்க."

"காப்பகமா? நான் இருக்கும்போதா?" என்று அதிகாரி கிளம்பினாள்.

"கோவப்படாதீங்க. பிஸ்கட்டை அடியோட நிறுத்துங்க. வாய் கேட்டுச்சுன்னா ரெண்டு துண்டு பழம் குடுங்க."

அவரே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ஆப்பிள் என்றால் விதையும் நடுத்தண்டும் எடுத்துவிட வேண்டும். தர்பூசணிக்கு விதையும் தோலும் ஆகாது. மாம்பழத்தில் கொட்டை கூடாது. வாழைப்பழம் ரெண்டு வட்டம் போதும், இனிப்பு அதிகம். எதுவானாலும் கொஞ்சம்தான், சாப்பாட்டுக்குப் பதில் இல்லை. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்: பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, உலர்ந்த திராட்சை, ஒன்றுகூடக் கூடாது, சிறுநீரகம் போய்விடும்.

அதிகாரிக்கு ஒரே கொண்டாட்டம். எட்டு வருஷம் பழத்தைக் காட்டிக் காட்டிப் பிடுங்கிய பாவத்தை இப்போது கழுவலாமே! அன்று மாலையே ஆப்பிளை விதை நீக்கி, பல்லுக்குத் தோதாக நறுக்கினாள். கணவரும் மகளும் சுற்றி நின்றார்கள். மகள் கைப்பேசியில் படம் பிடித்தாள்.

"இந்தாடா ராஜா."

மூக்கன் வந்தான், மோந்தான். ஆப்பிள் துண்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்தான்.

"என்னம்மா இது, உன்னையே கைது பண்றான்!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் தர்பூசணி. உட்கார்ந்தான். அதற்கடுத்த நாள் மாம்பழம். இன்னும் விறைப்பாக உட்கார்ந்தான். கணவர் தாமே நாலுகாலில் நின்று ஆப்பிளைக் கடித்துக் காட்டினார். மூக்கன் அவரையும் சேர்த்துப் புகார் செய்கிற மாதிரி அதிகாரியைப் பார்த்தான். இரண்டு வாரம் இதே கூத்து. பழமெல்லாம் கணவர் வயிற்றில்தான் இறங்கியது.

இரண்டாவது வாரக் கடைசியில் எடை பார்த்தார்கள். பதினாறு கிலோ முந்நூறு.

வீடு திரும்பியதும் விசாரணை தொடங்கியது.

"யார் திருட்டுத்தனமா பிஸ்கட் போடறது? உண்மையைச் சொல்லிடுங்க!"

"எம்மேல பாயாதே. நான் தின்ன ஆப்பிளுக்கு எனக்குத்தான் எடை குறைஞ்சிருக்கு," என்றார் கணவர்.

"அப்ப டப்பால பிஸ்கட் எப்படிப் பாதியாச்சு? காத்து தின்னுச்சா?"

மகள் சோபாவில் உட்கார்ந்து, தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று துள்ளி எழுந்தாள்.

"அம்மா! இங்க வா! உன் கையைப் பாரு!"

படத்தில் ஆப்பிளுக்கு முன்னால் மூக்கன் உட்காருகிறான். அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறாள். தலையை ஆட்டுகிறாள். அவளுடைய வலது கை மட்டும், அவளைக் கேட்காமலே, இடுப்புப் பைக்குள் போய்வருகிறது. வாய் மெல்ல "சபாஷ்" என்கிறது. மூக்கன் பிஸ்கட்டை மென்றுகொண்டே போகிறான். தர்பூசணிப் படத்திலும் அதே கை. மாம்பழத்துக்கு இரண்டு பிஸ்கட், கஷ்டமான கண்டுபிடிப்பு என்பதாலோ என்னவோ.

அதிகாரி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பை இருந்தது. பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இருந்திருக்கிறது. காலையில் குளித்ததும் பையைக் கட்டுவதும், டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போடுவதும் எட்டு வருஷத்துப் பழக்கம். யாரும் அவளுக்கு ஓய்வு கொடுக்கவில்லையே! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் வேலிக்கே தெரியாமல்.

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரி முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கினதும் பயம் வந்தது. ஆறு வாரம்தான் மிச்சம். பிஸ்கட்டை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அவன் முகத்தை யார் பார்ப்பது? உட்கார்ந்து, அண்ணாந்து, காத்திருந்து, கிடைக்காமல் போவானே. அவன் ஒரு தப்பும் செய்யவில்லையே.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் யோசித்தாள். கிண்ணத்தில் இருக்கும் ஆப்பிள் அவனுக்குக் குற்றப் பொருள். தரையில் கிடந்தாலும், கையில் நீட்டினாலும் அப்படித்தான். அவன் தின்கிற ஒரே பொருள் எது? பையிலிருந்து வருவது. பையிலிருந்து வந்தால் அது சம்பளம்.

"அடியேய், அந்த ஆப்பிளை எடு!" என்று மகளைக் கூவி அழைத்தாள்.

பையைக் கழுவிக் காயவைத்து, பொடியாக நறுக்கிய ஆப்பிளைப் போட்டாள். மேஜைமேல் ஒரு முழு ஆப்பிளை வைத்தாள். மூக்கன் வந்தான், மோந்தான், உட்கார்ந்தான், பார்த்தான்.

"சபாஷ்!"

கை பைக்குள் போய் வந்தது. மூக்கன் வாயைத் திறந்து வாங்கினான். மென்றான். நின்றான். காது இரண்டும் மேலே போயின. மறுபடி மென்றான். எட்டு வருஷமாகத் தான் எதைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். வீடே கைதட்டியது. கணவர் மகளைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு வீட்டில் தினமும் பழ வேட்டைதான். அலமாரியில் ஒரு மாம்பழம் ஒளிந்திருக்கும், செருப்புப் பெட்டியில் ஒரு வாழைப்பழம். மூக்கன் தேடி, உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு துண்டு வாங்கிக்கொள்வான். தேடி ஓடினதில் பின்னங்காலும் கொஞ்சம் லேசானது. ஐந்தாவது வாரம் பதினைந்தரை. ஏழாவது வாரம் பதினாலு முக்கால். அதிகாரி எடையைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையால் எழுதினாள்.

கடைசி எடைக்கு முந்தின நாள் மத்தியானம் கணவரின் அக்கா வந்தாள். கை நிறையப் பைகள். எல்லாவற்றையும் கூடத்து நாற்காலியில் வைத்துவிட்டு, நேரே சமையலறைக்குப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேச ஆரம்பித்தால் ஊர் அடங்கும்வரை ஓயமாட்டாள்.

அரைமணி நேரம் கழித்து அதிகாரி கேட்டாள்: "பையில என்ன அண்ணி, இவ்வளவு கனம்?"

"ஒண்ணுமில்ல, நாய் பழம் சாப்பிடறான்னு தம்பி பெருமையா சொன்னானே, அதான் ரெண்டு கிலோ திராட்சை."

அதிகாரி கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பை கவிழ்ந்து கிடந்தது. கூடம் முழுக்கக் கறுப்புத் திராட்சை. கொத்திலிருந்து உதிர்ந்து, நாற்காலிக்கு அடியிலும் சுவரோரத்திலும் உருண்டிருந்தது. நடுவில் மூக்கன்.

பழம் தின்னவே தெரியாமல் இருந்த நாய்க்கு அதன் ருசியைக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். சும்மா விட்டிருந்தால் செத்தாலும் வாய் வைத்திருக்க மாட்டான். எந்தப் பாவத்தைக் கழுவப் போய் எந்தப் பாவத்தைக் கட்டிக்கொண்டாள்! அண்ணி அழ ஆரம்பித்தாள். மகள் அதற்குள் மருத்துவரைக் கைப்பேசியில் பிடித்து அம்மாவின் காதில் வைத்தாள்.

"எத்தனை தின்னான்? சீக்கிரம் சொல்லுங்க!"

அதிகாரி அப்போதுதான் மூக்கனைச் சரியாகப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக, முன்னங்கால் சேர்த்து, ஒரு திராட்சைக்கு ஒரு விரல் தள்ளி. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகி, முன்னால் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறானோ! தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தான்.

"ஒண்ணுகூடத் தின்னல சார்."

"எப்படித் தெரியும்?"

"உட்கார்ந்திருக்கான் சார்," என்றாள் அதிகாரி.

"நான் நம்பறேன்," என்றார் மருத்துவர். " ஆனா நம்பிக்கை வேற, வைத்தியம் வேற. உடனே தூக்கிட்டு வாங்க."

கணவர் வண்டியை ஓட்டிய வேகத்தில் பேருந்தை ஓட்டியிருந்தால் வேலையே போயிருக்கும். மருத்துவர் மூக்கனின் வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றை அமுக்கினார். வாந்தி எடுக்க மருந்து கொடுத்துக் காத்திருந்தார்கள். காலையில் தின்ற சாதமும் ஆப்பிளும் வந்தன. திராட்சைத் தோல் ஒன்றுகூட இல்லை. ரத்தமும் எடுத்தார். அதிலும் ஒரு குறையுமில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, நாளைக்கு இன்னொரு தடவை எதுக்கு அலையணும்?" என்று அவனை எடைமேடையில் நிறுத்தினார்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டாள். மகள்தான் கத்தினாள்: "பதினாலு நானூறு!"

"வாந்தியைக் கழிச்சா?" என்றார் கணவர்.

"வாயை மூடுங்க!" என்றாள் அதிகாரி.

மருத்துவர் சிரித்துக்கொண்டே வாந்திக்கு ஐம்பது கிராம் சேர்த்து எழுதினார். அப்படியும் கணக்குக்குள்தான் வந்தது. கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். அதிகாரி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மூக்கன் இனி அவளுடையவன்.

"பாவம், வயிறு காலியா இருக்கும். ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் ஏதாவது குடுங்க," என்றார்.

அந்த ஒரு மணி நேரமும் வாசல் பெஞ்சிலேயே கழிந்தது. பிறகு மருத்துவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நறுக்கின ஆப்பிள் துண்டுகளை நீட்டினார். அதிகாரி வழக்கம்போல இடுப்பைத் தொட்டாள். பை இல்லை. மத்தியானம் கழுவிக் காயப்போட்டதை, ஓடிவந்த அவசரத்தில் வீட்டிலேயே விட்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து, வெறும் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து நீட்டினாள். மூக்கன் மோந்தான். உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"இல்லடா. கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. உனக்குத்தான், சும்மா தின்னு."

அவன் ஆப்பிளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கழுத்தை நீட்டினான், பின்னுக்கு இழுத்தான். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் நுனிப்பல்லால், சுட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி, அதை எடுத்துக்கொண்டான்.

அதிகாரி அழுதாள். எல்லோரும் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதாள். அழுத கண்ணைத் துடைப்பதற்குள் யாரோ முழங்காலைத் தட்டினார்கள். மூக்கன் நின்றுகொண்டு, வாலை ஆட்டியபடி, இன்னொரு துண்டு கேட்டான்.