புறாத்தீவுக்கு இரண்டு பாட்டு

எங்கள் கடற்கரையில் நிலத்தகராறு என்று வந்தால் முதலில் கூப்பிடுவது பாடகனைத்தான். பழைய போருக்கு எந்தெந்த ஊர் கப்பல் அனுப்பியது, எந்த முனைக்கு அடுத்து எந்தத் துறை, எந்தச் சரிவில் திராட்சை விளையும் என்பதெல்லாம் கப்பல் பாட்டில் இருக்கிறது. ஒரு தீவு பாட்டில் எந்த ஊரோடு சேர்ந்து வருகிறதோ அந்த ஊருக்கே சொந்தம். கல்லில் வெட்டியதைக்கூடச் செதுக்கி மாற்றிவிடலாம், ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டை யாரும் மாற்ற முடியாது என்பது எங்கள் நம்பிக்கை. ஓரிக்கா ஊர்க்காரர்கள் மட்டும் மாற்றுவார்கள் என்பதும் எங்கள் நம்பிக்கைதான்.

எங்கள் ஊர் லாம்பரா. வளைகுடாவின் எதிர்க்கரையில் ஓரிக்கா. நடுவில் புறாத்தீவு. கொஞ்சம் புல், ஒரு சுனை, கடல்தேவனுக்கு ஒரு பலிபீடம், அவ்வளவுதான் அந்தத் தீவு. அதற்காக இரண்டு ஊரும் என் தாத்தா காலத்திலிருந்து கல்லெறிந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு அந்தப் புல்லும் வேண்டாம், சுனையும் வேண்டாம். என் மகன் நிகோன் அங்கே புதைந்திருக்கிறான். முந்தின வருஷக் குளிர்காலத்தில் அவன் போன படகு கவிழ்ந்தது. கடல் அடங்கிய பிறகுதான் எங்களால் தேடிப் போக முடிந்தது. தீவில் ஒரு மண்மேடு, அதன் மேல் ஒரு கல், கல்லுக்கு அடியில் அவன் போர்வையைத் தோளில் குத்திக்கொள்ளும் ஊசி. என் மனைவி மிக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யார் புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்டுக்காரர்கள் யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். தீவு ஓரிக்காவுக்குப் போய்விட்டால், பெற்ற பிள்ளைக்குப் பால் ஊற்ற அவர்களிடம் கைகட்டி அனுமதி கேட்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

இந்த வசந்தத்தில் வேறோர் ஊரிலிருந்து நடுவர்களை வரவழைத்தோம். தீவிலேயே விசாரணை. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்கு நடுவர்களுக்கும் கொண்டாட்டம்தான், இரண்டு ஊரும் போட்டி போட்டு ஆட்டுக்கறி சுட்டுப் போட்டன.

எங்கள் பாடகர் தெல்லிஸ் முதலில் பாடினார். கிழக்கு முனையைத் தாண்டினால் லாம்பரா, குதிரைகள் மேயும் ஊர். அதன் இடுப்புப் பிள்ளையாகப் புறாத்தீவு. அப்பால் அலைகள் மோதும் ஓரிக்கா. எங்கள் ஊரில் ஒரு குதிரையும் கிடையாது, கழுதைதான். ஆனாலும் அந்த வரி வரும்போது எங்களுக்கு நெஞ்சு நிமிரும்.

அடுத்து ஓரிக்காவின் பாடகர் கோர்கோஸ் எழுந்தார். தாடி நரைத்த, நிதானமான ஆள். மேற்குத் துறையில் ஓரிக்கா, வில்லாளிகளின் ஊர். அதன் காலடியில் புறாத்தீவு. அப்பால் லாம்பரா, இறந்தவர்கள் மேற்கே முகம் வைத்துத் தூங்கும் ஊர்.

தலைமை நடுவர் எலும்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இவர் கிழக்கேருந்து வர்றாரு, அவர் மேற்கேருந்து வர்றாரு. அவங்கவங்க வாசல்ல கப்பலேறினா தீவு முதல்ல வரத்தானே செய்யும்? ரெண்டு பாட்டும் சரிதான்யா. அதான் தொல்லையே."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் பாட்டில் எங்கள் பிணங்களுக்கு என்ன வேலை என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ் கோர்கோஸ், எங்க ஊர்ப் பொணம் எந்தப் பக்கம் பாத்தா உனக்கென்ன? உங்க ஊர்ப் பொணம் கிழக்கே பாத்துக் கொட்டாவி விடுதே, அத நாங்க பாடினோமா?"

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"நல்ல யோசனை சொன்னீங்க. இந்தத் தீவுல இருக்கறது ஒரே ஒரு குழிதானே? பொணத்தப் பொதைச்ச ஊருக்குத்தான் மண்ணு சொந்தம். தோண்டிப் பாத்துருவோம். மேற்கே பாத்துக் கெடந்தா பொதைச்சவன் லாம்பராக்காரன், தீவு லாம்பராவுக்கு. கிழக்கே பாத்தா ஓரிக்காவுக்கு."

தெல்லிஸ் என் காதருகே குனிந்தார். "நம்ம ஆளுதான் பொதைச்சிருப்பான். ஜெயிச்ச மாதிரிதான். சரின்னு சொல்லுப்பா."

மிக்கா மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என் பிள்ளையின் எலும்பில் மண்வெட்டி படும் சத்தம் இப்போதே எனக்குக் கேட்டது. ஆனால் அவனை எங்களோடு வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை. தலையாட்டினேன்.

"தோண்ட வேணாம்" என்றார் கோர்கோஸ். "மேற்கே பாத்துத்தான் கெடக்கான். நான்தான் படுக்க வெச்சேன்."

அவருடைய ஊர்க்காரர்களே திகைத்துப்போனார்கள். எங்கள் பக்கம் ஒரே கூச்சல். பொய், புளுகு, தோண்டிப் பாருங்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

நடுவர் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "பெத்தவர் நீங்க, உங்களத்தான் கேக்கறேன். இவர் சொல்றத நம்பினா, பொதைச்சது ஓரிக்காக்காரர், தீவு அவங்களுக்கு. நம்பலன்னா தோண்டுவோம். மேற்கே பாத்துக் கெடந்தா உங்களுக்கு. சொல்லுங்க."

நான் கோர்கோஸிடம் போனேன். "எங்க பையன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போர்வைக் கரை லாம்பரா நெசவு. பாத்தாலே தெரியுமே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஓரிக்காக்காரனுக்குத் தீவுல என்ன வேலைன்னு கல்லெடுத்துக்கிட்டு வந்திருப்பீங்க."

அது உண்மை. முதல் கல்லை நானேதான் எறிந்திருப்பேன்.

"சரி, உங்க ஊர் வழக்கப்படி கிழக்கே பாக்க வெச்சிருக்கலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "அதான் பாட்டுல இருக்கே. லாம்பராக்காரங்க மேற்கே பாத்துத் தூங்குவாங்கன்னு சின்னதுலேருந்து பாடறேன். எங்க வழக்கத்துக்குக் கிழக்கே திருப்பிப் படுக்க வெச்சா, அங்க போய் வழி தெரியாம நிப்பானே அந்தப் புள்ள."

எங்கள் பாட்டில் ஓரிக்காவைப் பற்றி இருப்பது அலைகள் மோதும் ஊர் என்ற ஒரு வரி மட்டும்தான். அங்கே அலை மோதுகிறதா என்றுகூட நாங்கள் போய்ப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நம்பறேன்" என்றேன் நடுவரிடம். "மண்ண யாரும் தொட வேணாம்."

தெல்லிஸ் என்னை ஊர்த்துரோகி என்றார். இன்னொருவன் என் காலடியில் துப்பினான். தீர்ப்பைச் சொல்லிவிட்டு நடுவர்கள் மிச்சக் கறிக்குத் திரும்பினார்கள். எங்கள் ஆட்கள் படகுகளுக்குப் போகத் தொடங்கினார்கள்.

மிக்கா மட்டும் கோர்கோஸின் எதிரே வந்து நின்றாள். "கண்ணு தெறந்திருந்துதா?"

"ஒண்ணு தெறந்திருந்துச்சு தாயி. மூடிவிட்டேன்."

"மூஞ்சில?"

"மூஞ்சில காயம் ஒண்ணுமில்ல. தலையிலதான் பாசி ஒட்டியிருந்துச்சு. சுனைத் தண்ணியில அலசிவிட்டேன்."

அவள் மேலே மேலே கேட்டுக்கொண்டே போனாள். கை எப்படி இருந்தது, போர்வையைச் சுற்றிவிட்டாரா, தலைக்கு அடியில் என்ன வைத்தார். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். போகலாம் வாங்க என்று படகிலிருந்து யாரோ கத்தியது காதில் விழுந்தது. எங்கள் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த மனிதர் இப்போதுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கிறார், அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?