லாவ்தால் களிமண்

லாவ்தால் ஊராட்சி தன் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட முடிவுசெய்து, இரண்டாம் பாகத்தை என் தலையில் கட்டியது. என் பெயர் ஓட்னி. ஊராட்சி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். முதல் பாகம் எழுதியவர் இறந்துவிட்டார். எனக்குப் பழைய கையெழுத்தை வாசிக்க வரும். அவ்வளவுதான் என் தகுதி. எந்தப் பண்ணையில் யார் இருந்தார்கள், எந்த வயலுக்கு என்ன பெயர் என்று எழுத வேண்டும்.

1967 ஏப்ரல், பனி உருகும் வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை தேவாலயத்தின் பழைய சாவுப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1726, இதே ஏப்ரல் மாதம். ஒரே நாளில் பத்தொன்பது பேர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பாதிரியார் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்: கிடைக்கவில்லை. கடைசிப் பெயருக்கு வயது பதினொரு நாள். அவர்கள் மூன்று பண்ணைகளைச் சேர்ந்தவர்கள். அந்த மூன்று பண்ணைகளும் அதற்குப் பிறகு எந்த வரிப்பட்டியலிலும் இல்லை.

பக்கத்துப் பண்ணைகளை வைத்து வரைபடத்தில் தேடினேன். விரல் ஓடைக்கரைப் பள்ளத்தில் வந்து நின்றது. ரொட்டியைக் கடித்து வைத்தது போல அரைவட்டமான பள்ளம். சிறுவயதில் நாங்கள் பனியில் சறுக்கி விளையாடிய இடம். அதன் விளிம்பில்தான் என் தம்பி ஐலர்ட்டின் வீடு.

எங்கள் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. நிலம் உயர்ந்து கடல் விலகியபோது அந்தச் சேறு களிமண்ணாகத் தங்கிவிட்டது. பார்லி அதில் பிரமாதமாக விளையும். ஆனால் சில இடங்களில் அடிக்களியின் உப்பை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்தக் களி தொடாதவரை பாலாடைக்கட்டி மாதிரி நிற்கும். பாரம் ஏறிக் கட்டுக் குலைந்தால் கஞ்சியாக ஓடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நிம்மதியாக இருந்தோம்.

ஐலர்ட் அந்த வாரம் புல்டோசர் வைத்து வயல்மேட்டை வெட்டி, மண்ணை அந்த விளிம்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

சைக்கிளை எடுத்தேன். நாலு கிலோமீட்டரையும் எப்படி மிதித்தேன் என்று தெரியாது. வயலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவன் இன்ஜினை அணைத்தான்.

"என்னக்கா, ஆபீஸ்ல வேலை இல்லையா? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"இந்தப் பள்ளம் ஒரே நாள்ல உண்டானதுடா. பத்தொம்பது பேரு உள்ள போயிருக்காங்க. ஒருத்தர்கூடக் கெடைக்கல."

"எப்ப?"

"ஆயிரத்து எழுநூத்து இருபத்தாறுல."

சிரித்தான். "அதுக்கு நான் இப்ப துக்கம் விசாரிக்கப் போகணுமா?"

"ஒரு வாரம் சும்மா இரு. டவுன்லேருந்து இன்ஜினியரை வரச் சொல்றேன். மண்ணைப் பாத்துச் சொல்லட்டும்."

"மிஷின் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எங்கிட்ட இருக்கும்." பூட்ஸ் காலால் தரையை ஓங்கி மிதித்தான். "பாரு, கல்லு மாதிரி இருக்கு. இந்த மிஷினையே தாங்குது, ஒன்னத் தாங்காதா? உள்ள போ. மாக்னில்ட் காப்பி வச்சிருப்பா."

இன்ஜின் மறுபடி உறுமியது. நான் போனேன். வேறென்ன செய்வது?

அவன் மனைவி மாக்னில்ட் மடியில் ஆறு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டே காப்பி ஊற்றினாள். "ருசி ஒரு மாதிரி இருக்கும், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க அக்கா. நேத்துலேருந்து கெணத்துத் தண்ணி வெள்ளையா பால் மாதிரி வருது. நெலவறைக் கதவு வேற சாத்தவே மாட்டேங்குது. காலையில இடிச்சு இடிச்சுப் பாத்தேன்."

அடியில் களி கரைய ஆரம்பித்துவிட்டது, வீடு சாய்கிறது. கப்பைக் கீழே வைத்தேன்.

"புள்ளையத் தூக்கிக்கோ. கோட்டெல்லாம் வேணாம். கெளம்பு."

"எங்கக்கா?"

"சர்ச் மேட்டுக்கு. அங்க அடியில பாறை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்தபோது வயலில் ஒரு கோடு தெரிந்தது. மாட்டுக் கொட்டகைக்கும் புல்டோசருக்கும் நடுவில், கத்தியால் கீறியது போல. ஒரு கை நுழையும் அகலம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு அந்தப் பக்கத்து நிலம் ஒரு படி கீழே இறங்கியது. சத்தமே இல்லை. மாக்னில்ட் கத்தினாள், இன்ஜின் அதை விழுங்கிவிட்டது. கொடியில் காய்ந்த படுக்கைவிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன், கோட்டின் ஓரம் வரை ஓடிப் பைத்தியம் மாதிரி வீசினேன்.

ஐலர்ட் வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பினான். என்னைப் பார்த்தான், பிறகு கோட்டைப் பார்த்தான். குதித்து ஓடி வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் நிலம் இடுப்பளவு இறங்கிவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். நகத்தால் மண்ணைக் கீறிக்கொண்டு ஏறி வந்தான்.

நான்கு பேரும் மேட்டுக்கு ஓடினோம். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஓடைக்கரையில் ஊசியிலை மரங்கள் நின்றபடியே நகர்ந்து போய்க்கொண்டிருந்தன, ஊர்வலம் போல. கொட்டகை ஒன்பது மாடுகளோடு போனது. மாடுகள் கத்தியது கேட்டது, பிறகு கேட்கவில்லை. பிறகு வீடும் போனது. ஐலர்ட் குழந்தையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

ஆட்கள் யாரும் சாகவில்லை. இன்ஜினியர்கள் வந்தார்கள். மே மாதம் முழுக்க ஊரெங்கும் துளை போட்டு, வரைபடத்தில் அந்தக் களி இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். கோட்டுக்குள் நாற்பத்து மூன்று வீடுகள். ஒன்று என்னுடையது.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் இங்கெபிரிக்ட், ஆற்றங்கரைப் பண்ணைக்காரர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீடு உள்ளயா, வெளியயாம்மா?"

"உள்ள."

அந்தக் களியைக் கொண்டுபோய் அங்கே கொட்டியவள் நான்தான் என்பது போல என்னைப் பார்த்தார். "எவ்வளவு நாள் தாங்கும்?"

"தெரியல. நூறு வருஷம் தாங்கலாம். நாளைக்கே சரியவும் செய்யலாம்னு சொல்றாங்க."

"ஓங்க வீடு?"

"அதுவும் உள்ளதான்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். "மழை வரும் போல இருக்கு," என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு நானும் என் வீட்டுக்குப் போனேன், பாதையில் மெதுவாகக் கால் வைத்து.